இரத்தப் புரதங்களைப் பிரித்தறிதல்

உப்பும் மணலும் கலந்துவிட்டால் பிரிப்பது எளிது. நீரை ஊற்றினால் உப்புக் கரையும், மணல் அடியில் தங்கும். அளவிலும் நிறத்திலும் ஏறக்குறைய ஒன்றேபோன்ற இரு புரதங்கள் ஒரு துளி இரத்தத்தில் கலந்திருந்தால் எங்ஙனம் பிரிப்பது? அரிவாள் உயிரணுச் சோகையைக் கண்டறிய முற்படும் மருத்துவர்முன் நிற்கும் கேள்வி இது.

இரத்தத்திற்குச் செந்நிறம் தரும் ஹீமோகுளோபின் நான்கு சங்கிலிகளால் ஆனது. அவற்றுள் பீட்டா எனப்படுபவை இரண்டு. ஒவ்வொன்றிலும் 146 அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டுள்ளன. ஆறாம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்திற்குப் பதிலாக வாலின் அமர்ந்துவிட்டால், பிராணவாயு குறைந்தவிடத்து ஹீமோகுளோபின் இழைகளாகத் திரண்டு சிவப்பணுவை அரிவாள்போல் வளைத்துவிடுகிறது. வளைந்த அணுக்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைக்க, பொறுக்கவொண்ணா வலி உண்டாகிறது. இவ்விரு ஹீமோகுளோபின்களும் மின்புலத்தில் வெவ்வேறாக நகர்வதை லைனஸ் பாலிங் குழுவினர் 1949-இல் காட்டினர். சில ஆண்டுகளில் வெர்னன் இங்ராம் கேம்பிரிட்ஜில் அந்த ஒற்றை மாற்றத்தைக் கண்டார்.

குளூட்டாமிக் அமிலம் எதிர்மின்னேற்றம் உடையது. வாலினுக்கு மின்னேற்றம் இல்லை. ஆகவே நோயுற்ற மூலக்கூறு இரண்டு எதிர்மின்னேற்றங்களை இழந்து நிற்கிறது. அயனிப் பரிமாற்றக் குரோமட்டோகிராபிக்கு இவ்வளவு வேற்றுமையே போதும்.

சிறிய குழாயொன்றில் நுண்மணிகளை நெருக்கி அடைத்திருப்பார்கள். மணிகளின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம். அதை ஈடுசெய்யச் சோடியம் அயனிகள் ஒட்டியிருக்கும். சிவப்பணுக்களை உடைத்து நீர்க்கச் செய்த இரத்தத்தைச் சற்றே அமிலச் சார்புடைய கரைசலோடு உட்செலுத்தினால், நேர்மின்னேற்றம் மிகுந்த ஹீமோகுளோபின் சோடியத்தை விலக்கிவிட்டு மணியைப் பற்றிக்கொள்ளும். இதுவே பரிமாற்றம். (கடின நீரை மென்னீராக்கும் பொறியில் நிகழ்வதும் இத்தகையதே.) பின்னர்க் கரைசலில் உப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டுகிறார்கள். சோடியம் திரளாக வந்து தன் இடத்தை மீட்டுக்கொள்கிறது. பிடிப்புக் குறைந்த புரதம் முன்னே வெளியேறுகிறது. சிசுப்பருவ ஹீமோகுளோபின் முதலில், இயல்பான ஹீமோகுளோபின் அடுத்து, மணியை இறுகப் பற்றிய நோய் ஹீமோகுளோபின் அதற்கும் பின். உப்பை ஒரேயடியாகக் கூட்டினால் எல்லாம் ஒன்றாய் வந்துவிடும். இம்முறையின் திறமெல்லாம் அந்த நிதானத்தில்தான். வெளிவரும் கரைசல்மீது 415 நானோமீட்டர் ஊதா ஒளியைப் பாய்ச்ச, கருவி ஒவ்வொரு புரதத்தையும் ஒரு முகடாக வரைந்து காட்டும். சில நிமிட வேலை.

இயல்பானதும் மிகுதியாக, அரிவாள் வகையும் உடன் இருந்தால் அவர் நோயைச் சுமப்பவர்; பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். ஆயினும் அத்தகைய இருவர் மணந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நீலகிரி மலைவாழ் மக்களிடையே இம்மரபுக்கூறு இருப்பதை லேமனும் கட்புஷும் 1952-இல் வெளியிட்டனர். அங்குள்ள குடும்பங்களுக்கு இந்த முகடுகள் ஏட்டறிவு மட்டுமன்று.

ஒன்று கவனிக்கத்தக்கது. கருவி புரதத்தின் பெயரைச் சொல்வதில்லை, அது வெளிவந்த நேரத்தையே சொல்கிறது. ஒத்த பிடிப்புடைய இரண்டு ஒன்றாக வெளிவருவதும் உண்டு. அண்மையில் பிறர் இரத்தம் ஏற்றப்பட்ட நோயாளியிடம், கொடுத்தவரின் ஹீமோகுளோபினும் முகடாகத் தோன்றும். ஆதலால் தேர்ந்த மருத்துவர் முதலில் அதை விசாரிப்பார். வேறொரு முறையாலும் சோதித்துப் பார்த்த பின்னரே பெற்றோரிடம் முடிவைக் கூறுவார்.