பட்டறிவைப் பொதுவில் வைப்போம்

பெருநிறுவனம் ஒன்றில் ஆண்டுகள் பல உழைத்தவர் விடைபெறும்போது, அவருடைய பட்டறிவும் அவரோடு வெளியேறிவிடுகின்றது. அடுத்து வரும் குழுவினர் அதே இடர்ப்பாட்டை முதலிலிருந்து எதிர்கொள்கின்றனர். இவ்விழப்பைத் தடுக்கவே நிறுவனங்கள் கணினிவழி அறிவுப் பகிர்வுத் தளங்களைத் தமக்குள் அமைக்கின்றன. அத்தளம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதற்கு, அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனத்தில் நிகழ்ந்ததை நாம் சான்றாகக் கொள்ளலாம்.

ஒளிநகல் பொறிகளைப் பழுது பார்ப்போரின் பணியை மானிடவியலாளர் ஜூலியன் ஓர் 1980களில் உடனிருந்து ஆராய்ந்தார். கையேடுகள் கைவிட்ட இடங்களில், உணவு வேளையில் அவர்கள் தமக்குள் பகிர்ந்துகொண்ட பணிக்கதைகளே வழிகாட்டின என்பதைக் கண்டார். வீண்பேச்சு எனக் கருதத்தக்கதே பயிற்சிக்கூடமாக விளங்கிற்று!

1990களில் அந்நிறுவனத்தில் ‘யுரேகா’ என்னும் தளம் உருவாயிற்று. பழுது பார்ப்பவர் தாம் கண்ட தீர்வை எழுதி அனுப்புவார். துறையில் தேர்ந்த சக பணியாளர் அதனைச் சரிபார்ப்பர். பின்னர் எழுதியவர் பெயருடன் அது ஏனையோர்க்கும் கிட்டும்.

இதிலிருந்து நாம் அறிவன மூன்று. களத்தில் உழைப்போரே எழுதுதல் வேண்டும். எழுதியது சரிபார்க்கப்படுதல் வேண்டும். எழுதியவர் பெயர் மறைக்கப்படாதிருத்தல் வேண்டும்; அப்போதுதான் பொறுப்பும் பெருமையும் அவரைச் சாரும். இவை இன்றேல், எத்துணைப் பொருள் செலவிடினும் அத்தளம் எவரும் திறவாத பேழையாகவே கிடக்கும்.

நாளை பணிக்குழுக்களில் சேரவிருக்கும் மாணவச் செல்வங்களே! கற்றதைப் பூட்டி வைத்தால் நம் மதிப்பு உயரும் என்பது மயக்கமே. பின்வருவோர்க்கு எழுதி வைப்போம். நாம் நீங்கிய பின்னும் நம் உழைப்பு அங்கே நிலைத்திருக்கும்.