மருந்துக் கணக்கில் எழுதாத செலவு

கள்ளக்குறிச்சி மாவட்டத்து மணலூர்பேட்டையில் நெல் போட்டவர் யாரிடமாவது ஏக்கருக்கு என்ன செலவு என்று கேட்டால், யோசிக்காமல் வரிசையாகச் சொல்வார். உழவு, நாற்று, நடவு, களையெடுப்பு, உரம், மருந்து, அறுவடை இயந்திர வாடகை. இதில் மருந்து என்ற வரியில் இருப்பது கடைக்குக் கொடுத்த பணமும் அடித்தவரின் கூலியும்தான். மருந்தடித்த மறுநாள் தலை தூக்க முடியாமல் படுத்ததில் போன கூலி, கண்ணெரிச்சலுக்கு வாங்கிய சொட்டு மருந்து, ஊசி போட திருக்கோவிலூர் போய்வந்த பஸ் செலவு ஆகியவை எந்த வரியிலும் இல்லை. அவற்றையும் சேர்த்து எழுதினால், லாபம் என்று நினைத்து அடித்த மருந்துகளில் பல நட்டம் என்று தெரியும். ஆசிய நெல் வயல்களில் செய்யப்பட்ட ஆய்வுகள் இதைத்தான் சொல்கின்றன.

தென்பெண்ணைக் கரை வயல்களில் மருந்தடிக்கும் காலையைப் பார்த்தால், உடம்பு எங்கெங்கே விலை கொடுக்கிறது என்பது புரியும். வாய்க்கால் தண்ணீரை மொண்டு டேங்கில் ஊற்றுகிறார்கள். பாட்டில் மூடியே அளவுகோல். கலக்குவதற்கு ஒரு குச்சி, சில சமயம் வெறும் கை. காலில் செருப்பில்லை, முழங்கால் வரை சேறு. முதுகில் மாட்டிய டேங்க்கின் மூடி இடுக்கில் கசியும் மருந்து சட்டையை நனைத்து முதுகுத் தோலில் இறங்குகிறது. நாசில் அடைத்துக்கொண்டால் கழற்றி வாயால் ஊதுகிறார்கள். முகக்கவசம் என்பது மூக்கைச் சுற்றிக் கட்டிய துண்டு. அரைமணி நேரத்தில் அதுவும் மருந்தில் நனைந்துவிடும். வெயிலில் ரப்பர் உடுப்பு போட்டுக்கொண்டு ஒரு ஏக்கர் நடக்க யாராலும் முடியாது என்பதும் உண்மை.

மோனோகுரோட்டோபாஸ், புரோபினோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் பூச்சியின் நரம்பைத் தாக்குவது போலவே மனித நரம்பையும் தாக்கும். நரம்புச் செய்தியை முடித்துவைக்கும் நொதியை அவை முடக்குகின்றன. அதனால் வியர்வை கொட்டுகிறது, எச்சில் ஊறுகிறது, பார்வை மங்குகிறது, குமட்டுகிறது. முடங்கிய நொதி பழைய அளவுக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆகலாம். அதற்குள் அடுத்த வயலுக்குக் கூப்பிட்டால் கூலிக்குப் போகாமல் இருக்க முடியாது. வெயில் அடித்தது, பித்தம், ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்று ஏதாவது ஒரு காரணத்தில் அந்த நோய் கரைந்துபோகிறது.

சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் முரளீதரன் உள்ளிட்ட குழு, தென்னிந்திய விவசாயிகள் 631 பேரிடம் நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. அவர்களில் 433 பேர் தாங்களே மருந்தடிப்பவர்கள். மருந்தைக் கையாளும்போது எந்தப் பாதுகாப்பும் இல்லாதவர்கள் 88 விழுக்காடு. மூன்றில் ஒருவருக்கு மேல் அதிக வியர்வையும் கண்ணெரிச்சலும் இருப்பதாகச் சொன்னார்கள்.

காசாக மாற்றிப் பார்த்தால்

மருந்தால் வரும் இந்த நோயைப் பணக் கணக்கில் வைத்துப் பார்த்தார்கள், பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து பணியாற்றிய பொருளியலாளர்கள். ஆக்னஸ் ரோலாவும் பிரபு பிங்கலியும் 1993இல் வெளியிட்ட நூலில் நான்கு வழிகளை ஒப்பிட்டார்கள்: முழுப் பாதுகாப்பாக அடிப்பது, சேத அளவு பார்த்து அடிப்பது, விவசாயி வழக்கப்படி அடிப்பது, பூச்சிமருந்தே அடிக்காமல் இயற்கை எதிரிகளிடம் விடுவது. வைத்தியச் செலவையும் இழந்த வேலை நாட்களையும் சேர்த்துப் பார்த்தபோது, கடைசி வழிதான் முன்னால் நின்றது. கேரளத்தின் குட்டநாட்டு நெல் வயல்களில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் இந்திரா தேவி செய்த ஆய்விலும், மருந்தடிப்பவரின் நாள் வருமானத்தில் ஏறக்குறைய கால் பங்கு உடல்நலச் செலவாகவே போவது தெரியவந்தது.

அப்படியானால் ஏன் அடிக்கிறார்கள்? மருந்துக்கடைக்காரர்தான் இன்று கிராமத்தின் பயிர் மருத்துவர். இலையைக் காட்டியதும் மருந்தை எடுத்துக் கொடுக்கிறார். கையில் காசில்லையென்றால் அறுவடைக்குப் பின் தரலாம் என்கிறார். வேளாண் அலுவலரோ பல கிராமங்களைச் சுமக்கிறார். கடன் வாங்கிப் பயிர் வைத்தவருக்குப் புழுவைப் பார்த்ததும் வரும் பயம் சாதாரணமானதல்ல. பக்கத்து வயலில் அடித்த பிறகு நாமும் அடிக்காவிட்டால் பூச்சி இங்கே வந்துவிடும் என்று அந்தப் பயம் இரட்டிப்பாகிறது.

மருந்தே பூச்சியைக் கூட்டும் என்பதும் நிரூபணமானது. இந்தோனேசியாவில் அரசு மருந்து விலையில் பெரும்பங்கை மானியமாகக் கொடுத்த காலத்தில் புகையான் என்ற தத்துப்பூச்சி பெருகி நெல்லை அழித்தது. புகையானைத் தின்னும் சிலந்திகளை மருந்து கொன்றதே காரணம். 1986இல் அதிபர் சுகார்த்தோ நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தார். 1989க்குள் மானியமும் நின்றது. நெல் விளைச்சல் சரியவில்லை.

மரவள்ளி சொன்ன பாடம்

மருந்தில்லாமலும் பூச்சியை அடக்கலாம் என்பதற்கான சான்று கள்ளக்குறிச்சிக்காரர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கல்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் சின்னசேலம் பக்கத்திலும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி முக்கியமான பணப்பயிர். 2008இல் கோவையில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மரவள்ளியையும் மல்பெரியையும் வெள்ளைப் பொடி பூசியதுபோல் மூடியது. மருந்து மாற்றி மருந்து அடித்தார்கள். மாவுப்பூச்சியின் மெழுகுப் போர்வையைத் தாண்டி அது உள்ளே இறங்கவில்லை. 2010இல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி மாவட்டங்களுக்கு அனுப்பியது. மாவுப்பூச்சி சில மாதங்களில் அடங்கியது. ஐந்தாண்டுகளில் இதனால் இந்தியாவுக்குக் கிடைத்த பலன் குறைந்தது 52 கோடி டாலர் என்று பின்னர் ஒரு பொருளியல் ஆய்வு கணக்கிட்டது.

2020இல் கேரளம் வழியாக இன்னொரு மாவுப்பூச்சி மரவள்ளிக்கு வந்தது. இந்த முறை பெங்களூரின் தேசிய வேளாண் பூச்சி வள ஆதார நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து வேறொரு குளவியை வரவழைத்தது. 2022 மார்ச்சில், கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கம் சேலம் மாவட்ட ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது வயலில் விடப்பட்டது. இதே குளவிதான் 1980களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காப்பாற்றியது; அந்தப் பணிக்காக விஞ்ஞானி ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. இந்தக் குளவி வேலை செய்ய யாரும் முதுகில் டேங்க் சுமக்க வேண்டியிருக்கவில்லை.

சட்டத்தின் கை

2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்குப் போனார்கள். அதே ஆண்டு பெரம்பலூர் பகுதியிலும் பருத்திக்காட்டில் உயிர்கள் போயின. 2020 மே மாதம் மத்திய அரசு 27 மருந்துகளைத் தடை செய்ய வரைவு ஆணை வெளியிட்டது. கடைசியில் தடைக்குள் வந்தவை மிகச் சில. தற்கொலைகளைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு ஆறு மருந்துகளை நிறுத்தியபோதும் 60 நாட்களுக்குத்தான் நிறுத்த முடிந்தது. 1968ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டம் மாநிலத்துக்குத் தரும் அதிகாரம் அவ்வளவுதான். நீட்டித்தாலும் 90 நாள்.

இலங்கை துணிந்து செய்தது. 1980களில் தொடங்கி கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாக நிரந்தரமாக விலக்கியது. 2015 வரையிலான இருபதாண்டுகளில் ஏறத்தாழ 93,000 உயிர்கள் தற்கொலையிலிருந்து காக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்தத் தடைகளால் விளைச்சல் குறைந்ததற்குச் சான்று இல்லை.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி, 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. மருந்தடித்து மயங்கி வருகிறவர் ஒவ்வொருவரின் பெயரோடும் அடித்த மருந்தின் பெயரையும் அங்கே பதிவு செய்ய வேண்டும்; அந்தப் பதிவு வேளாண் துறைக்கு மாதந்தோறும் போக வேண்டும். எந்த மருந்து எத்தனை பேரைப் படுக்கவைக்கிறது என்பது தெரியாமல் எதைத் தடை செய்வது? கூலிக்கு அடிப்பவருக்கு கையுறையும் கசியாத டேங்க்கும் கொடுப்பது வயல்காரரின் பொறுப்பு என்று ஊரே முடிவு செய்ய வேண்டும்.

விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோள். நட்ட முதல் 30 நாட்களில் இலைச்சுருட்டுப் புழுவைப் பார்த்துப் பதற வேண்டாம். பயிர் புது இலை விட்டு ஈடுகட்டிக்கொள்ளும். தூர் கட்டும் பருவத்தில் பத்தில் ஓர் இலைக்கு மேல் சேதம் இருந்தால் மட்டும் மருந்தை யோசியுங்கள். வாங்கும் பாட்டிலில் சிவப்பு முக்கோணம் இருந்தால் வேறு கேளுங்கள். அடித்தபின் வாந்தியோ மயக்கமோ வந்தால் உடனே உடையைக் களைந்து, குளிப்பாட்டி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். கையோடு அந்த பாட்டிலையும் எடுத்துப்போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் மருத்துவர் சரியான முறிவு மருந்தைக் கொடுக்க முடியும்.