ஒருமுறை வந்த இலாபமும் வருமானமே

வவுனியாவில் கடை வைத்திருக்கும் எம்மில் பலருக்கு எப்போதாவது வெளியில் ஒரு வியாபாரம் அமைந்துவிடும். உடைத்த வீட்டின் ஓடு, மரங்களை மொத்தமாக வாங்கி விற்போம். "ஒருமுறைதானே, வரிக் கணக்கில் எதற்கு?" என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள்.

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், தற்செயலாக வந்து மீண்டும் வராத இலாபத்தை 'ஏனைய வருமானத்தில்' சேர்ப்பதில்லை. ஆனால் வியாபாரத் தன்மையுள்ள தனியொரு கொடுக்கல் வாங்கலை, அது எவ்வளவு குறுகிய காலமாயினும், 'வியாபாரம்' என்றே கொள்கிறது. இலாபம் கருதி வாங்கி விற்றால், அது இந்த வகைதான்.

2025/26 ஆண்டில் தனிநபருக்கு 18 இலட்சம் ரூபா வரை வரியில்லை. அடுத்த 10 இலட்சத்துக்கு 6 வீதம். உங்கள் கடை இலாபம் 19 இலட்சம் என்போம். ஓடு, மரம் விற்று வந்தது 6 இலட்சம். வாங்கிய விலை, லொறிக்கூலி, ஆட்கூலி 3 இலட்சத்து 60 ஆயிரம். மிச்சம் 2 இலட்சத்து 40 ஆயிரத்துக்கு மேலதிக வரி 14,400 ரூபா. செலவை நிரூபிக்கச் சீட்டு இல்லாவிட்டால், 6 இலட்சத்துக்கும் 36,000 ரூபா கட்ட நேரலாம்.

கடை இலாபம் மட்டும் 18 இலட்சத்துக்குக் குறைவானவர்களும் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கூலிக்கும் கையெழுத்து வாங்கி வையுங்கள். விவரத்திரட்டை 2026 நவம்பர் 30க்குள் ஒப்படைக்க வேண்டும்.