முதல் மாநாடு - 4: பூல் பங்கிட்டுக் கொடுத்த வேலை

விடுப்பு, பயணப்படி, பெயர்ப் பதிவு எல்லாம் போன வாரத்தோடு முடிந்தது. மேடையில் கட்டுரை வாசிப்பது பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் வேறொரு கேள்வி குறுக்கே நிற்கிறது: முதல் முறையாக மாநாட்டுக்குப் போகும் நூலகர் எதைக் கொண்டுவந்தால் போய்வந்ததற்குப் பலன் உண்டு? குறிப்பேடு நிறையக் குறிப்பு, பை நிறையப் பதிப்பாளர்களின் விலைப்பட்டியல் என்பது வழக்கமான பதில். வேலையைக் கொண்டுவர வேண்டும் என்பது என் கட்சி. பலர் பங்கிட்டுச் செய்யும் ஒரு வேலையில் தன் பங்கைக் கேட்டு வாங்கி வர வேண்டும்.

1853 செப்டம்பரில் நியூயார்க்கில் எண்பதுக்கும் மேற்பட்ட நூலகர்களும் நூலக ஆர்வலர்களும் மூன்று நாள் கூடினார்கள். அத்தனை பேரும் ஆண்கள். தலைமை வகித்தவர் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் நூலகர் சார்லஸ் ஜூவெட். அவரிடம் அருமையான திட்டம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு புத்தகத்தின் பதிவையும் தனித்தனி அச்சுத் தகடாக வார்த்து ஓரிடத்தில் வைத்துக்கொள்வது. எந்த நூலகம் கேட்டாலும் அதனிடம் உள்ள புத்தகங்களின் தகடுகளை மட்டும் வரிசையாக அடுக்கிப் பட்டியலை அச்சடித்துக் கொடுப்பது. ஒரு புத்தகத்தை நாடு முழுவதற்கும் ஒரு முறை பட்டியலிட்டால் போதும் என்ற எண்ணம், கணினிப் பட்டியலுக்கு நூறாண்டுக்கும் முன்பே! மறுபடி கூடுவதென்று தீர்மானித்துக் கலைந்தார்கள், கூடவில்லை. நிறுவனத்தின் பணம் ஆராய்ச்சிக்கே போக வேண்டும் என்று நினைத்த செயலர் ஜோசப் ஹென்றி, 1854இல் ஜூவெட்டை நீக்கினார். திட்டமும் அவரோடு போயிற்று. பாராட்டியவர்கள் எவர் கையிலும் அதில் ஒரு துண்டு வேலைகூட இல்லை என்பதுதான் நான் காணும் காரணம்.

அடுத்த மாநாட்டுக்கு 23 ஆண்டுகள் ஆயின. 1876 அக்டோபர் 4 முதல் 6 வரை பிலடெல்பியாவில் 103 பேர் வந்தார்கள், அவர்களில் 13 பேர் பெண்கள். அமெரிக்க நூலகச் சங்கம் அங்கேதான் பிறந்தது. இரண்டு மாநாட்டிலும் இருந்தவர் வில்லியம் பூல். இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து வைத்திருப்பவர் இவர்தான். யேல் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே மாணவர் சங்க நூலகத்தைப் பார்த்துக்கொண்டார். தலைப்பைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்கு வேண்டியது பழைய இதழ்த் தொகுதிகளில் இருக்கும். எதில், எந்தப் பக்கத்தில் என்று யாருக்கும் தெரியாது. அவர் தயாரித்த பொருளடைவு 1848இல் 154 பக்க நூலாக வந்தது, 1853இல் விரிந்தது. பிறகு இதழ்கள் பெருகின; ஒருவரால் ஆகிற காரியமாக இல்லை. பிலடெல்பியாவில் இதை எல்லோருமாகச் செய்வது என்று முடிவாயிற்று. ஒவ்வொரு நூலகத்துக்கும் சில இதழ்கள். தொகுதியை எடுத்து, பக்கம் பக்கமாகப் புரட்டி, கட்டுரை எதைப் பற்றியது என்று தீர்மானித்து, அந்தச் சொல்லின் கீழ்த் தலைப்பு, ஆசிரியர், தொகுதி எண், பக்க எண் எழுதி அனுப்ப வேண்டும். கூலி கிடையாது, முடிந்ததும் ஒரு பிரதி கிடைக்கும். 1882இல் நூல் வெளிவந்தபோது 232 இதழ்களின் 6,205 தொகுதிகள் அதில் அடங்கியிருந்தன. உழைத்தவை சுமார் 50 நூலகங்கள்.

கட்டுரைகள்தான் பிறகு அச்சில் வருகின்றனவே, நேரில் எதற்குப் போக வேண்டும் என்பார்கள். பிலடெல்பியாக் கட்டுரைகளும் அச்சில் வந்தன, வீட்டிலிருந்தே படித்திருக்கலாம். பூலின் வேலைப் பங்கீடும் பெரும்பாலும் தபாலில் நடந்ததுதான். ஆனால் முன்பின் தெரியாதவர் அனுப்பும் வேண்டுகோளுக்காக எவரும் கூலியில்லாமல் வருடக்கணக்கில் பக்கம் புரட்ட மாட்டார். கூடி ஒப்புக்கொண்ட வேலைக்குத்தான் அந்தப் பிடிமானம் உண்டு. இதெல்லாம் பெரிய நூலகங்களுக்குச் சரி, இரண்டே ஊழியர் உள்ள கிளை நூலகத்துக்கு ஆகுமா என்பது இதைவிடக் கனமான மறுப்பு. வேலையை ஐம்பதாகப் பங்கிட்டதே ஒவ்வொரு பங்கும் சிறிதாக இருக்கத்தான். நம் ஊரில் அப்படிப்பட்ட வேலைக்குப் பஞ்சமில்லை. ஒரு பட்டியலில் ‘புதுமைப்பித்தன்’ என்றும் இன்னொன்றில் ‘விருத்தாசலம், சொ.’ என்றும் இருந்தால், வாசகருக்கு ஒரே எழுத்தாளர் இரண்டு பேராகிவிடுகிறார். நான்கு நூலகர்கள் ஆளுக்கு ஐம்பது புனைபெயர்களை எடுத்துக்கொண்டு ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரலாம். அதற்குத் தனி நிதி வேண்டாம், மாலை நேரம் போதும்.

பெரியவர்களை அணுகிப் பழகு என்று புதியவர்களுக்குச் சொல்வதும் வழக்கம். எனக்கு அதில் சம்மதமில்லை. பிலடெல்பியா மாநாட்டைக் கூட்ட ஓடியாடிய மெல்வில் டூயிக்கு அப்போது வயது 24. தசமப் பகுப்பு அந்த ஆண்டுதான் வெளிவந்திருந்தது. அதே டூயி 1905இல், சங்க மாநாட்டை ஒட்டிய அலாஸ்கா பயணத்தில் பெண் உறுப்பினர்களிடம் முறைகேடாக நடந்துகொண்டார் என்று புகார் எழுந்தது. அவர் பெயரிலான பதக்கத்திலிருந்து அந்தப் பெயரைச் சங்கம் எடுத்தது 2019இல்தான். புகழின் நிழலில் ஒதுங்குவதைக் காட்டிலும், தன்னைப் போலவே முதல் முறையாக வந்து, தன்னைப் போலவே அலமாரிப் பற்றாக்குறையோடு தவிக்கும் இருவரைத் தேடிப்பிடிப்பது நல்லது. பங்கிட்டுக்கொள்ளும் வேலை அவர்களோடுதான் நடக்கும்.

போய்வந்ததற்கு அறிக்கை கேட்கும் மேலதிகாரிக்கு இதை எப்படி எழுதிக் காட்டுவது என்பது மீதியிருக்கிறது. பட்டியல் அட்டைக்கு 7.5க்கு 12.5 சென்டிமீட்டர் என்ற அளவு வந்த கதையும் அதோடு சேரும். கட்டுரை வாசிப்பையும் இவற்றையும் அடுத்த வாரம் பார்ப்போம்.