பழைய சரக்குக் கப்பலைப் பயிற்சிக் கப்பலாக மாற்றுவது ஆபத்தா? நொடிகளில் மூழ்கிய ‘மார்க்கெஸ்’... நடந்தது என்ன?

1984 ஜூன் 3. பொழுது விடியவில்லை. பெர்முடா தீவிலிருந்து கனடாவின் ஹாலிஃபாக்ஸுக்குப் பாய்மரக் கப்பல் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. ‘மார்க்கெஸ்’ என்ற கப்பலைத் திடீர்க் காற்று பக்கவாட்டில் சாய்த்தது. சாய்ந்த கப்பல் நிமிரவே இல்லை. சுமார் ஒரு நிமிடத்தில் கடலுக்குள் போய்விட்டது. இருந்த 28 பேரில் 19 பேர் பலி. பலர், கப்பல் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த இளைஞர்கள்.

மார்க்கெஸ் பயிற்சிக்காகக் கட்டப்பட்ட கப்பலே கிடையாது. 1917-ல் ஸ்பெயினில் சரக்கு ஏற்றக் கட்டப்பட்டது. பிறகு தோற்றம் மாற்றப்பட்டு, 1978-ல் பிபிசி தொடரில் டார்வின் பயணம் செய்த ‘பீகிள்’ ஆகவும் ‘நடித்தது’.

மாற்றினால் என்ன சிக்கல்?

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை எவ்வளவு சாய்த்தாலும் எழுந்து நிற்கும். காரணம், அடியில் இருக்கும் கனம். கப்பலுக்கும் இதே கணக்குதான். சரக்குக் கப்பலில் அந்த கனத்தின் பெரும்பகுதி, கீழே ஏற்றியிருக்கும் சரக்கிலிருந்தே கிடைக்கும்.

பயிற்சிக் கப்பலாக்கும்போது சரக்கு வைக்கும் இடம் படுக்கை அறையாகவும் சமையலறையாகவும் மாறிவிடும். கீழே கனம் குறையும். மேலே? பார்க்க கம்பீரமாக இருக்க உயரமான பாய்மரங்கள், கூடுதல் பாய்கள். பொம்மையின் தலையில் கல்லைக் கட்டிய கதைதான். ‘பேலஸ்ட்’ எனப்படும் அடிப்பாரத்தைச் சரியான அளவில் வைக்காவிட்டால், பார்வைக்கு அழகான கப்பல் ஒரு பலத்த காற்றுக்குத் தாங்காது.

இன்னொன்று, மேல்தளத்தில் சரக்கு இறக்குவதற்கான பெரிய திறப்பு. அது திறந்திருக்கும்போது கப்பல் சாய்ந்தால் தண்ணீர் நேராக உள்ளே பாயும். உள்ளே தடுப்புச் சுவர்கள் இல்லையென்றால் முழுக் கப்பலும் நிரம்பிவிடும்.

முன்பே நடந்ததுதான்

1961 மே 2-ம் தேதி மெக்சிகோ வளைகுடாவில் ‘ஆல்பட்ராஸ்’ மூழ்கியது. 1920-ல் நெதர்லாந்தில் பைலட் கப்பலாக, அதாவது துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு வழிகாட்டுபவர்களை ஏற்றிச் செல்வதற்காகக் கட்டப்பட்டது. கை மாறிக் கை மாறி, பாய் அமைப்பும் மாறி, கடைசியில் அமெரிக்க மாணவர்களுக்கான மிதக்கும் பள்ளியானது. 4 மாணவர்கள் உட்பட 6 பேர் இறந்தனர். ரிட்லி ஸ்காட் 1996-ல் எடுத்த ‘ஒயிட் ஸ்குவால்’ படம் இந்தச் சம்பவம்தான். படத்தில் பழி முழுக்க ராட்சதக் காற்றின் மேல். ஆனால் இத்தகைய விபத்துகளை ஆராய்ந்து நூல் எழுதிய கேப்டன் டேனியல் பாரட், மாற்றங்களால் கப்பலின் சமநிலை குறைந்ததையும் சுட்டிக்காட்டுகிறார். பயிற்சிக் கப்பல்களுக்கென அமெரிக்காவில் தனிச் சட்டம் வந்தது 1982-ல். 21 ஆண்டுகள் தாமதம்!

எப்படிச் சோதிப்பது?

முறை எளிமையானதுதான். எடை தெரிந்த கட்டிகளை மேல்தளத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்துவார்கள். கப்பல் எவ்வளவு சாய்கிறது என்பதை ஒரு தொங்கு குண்டு காட்டிக்கொடுக்கும். அதை வைத்துக் கப்பலின் கனம் எந்த உயரத்தில் மையம் கொண்டிருக்கிறது எனக் கணக்கிடலாம். ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்குப் பிறகும் இதைச் செய்தாக வேண்டும். பழைய அளவுகளை நம்பினால் பிரச்சினைதான்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் புதிதாகக் கட்டலாம். 1997-ல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த ஐஎன்எஸ் தரங்கிணி அப்படிப் பயிற்சிக்கென்றே கோவாவில் கட்டப்பட்டதுதான்.

அதற்காகப் பழைய கப்பல் என்றாலே ஆகாது என்று இல்லை. அமெரிக்காவின் ‘எர்னஸ்டினா-மோரிசி’ 1894-ல் மீன்பிடிக் கப்பலாகக் கடலில் இறங்கியது. ஆர்க்டிக் ஆய்வுக்குப் போனது, தீப்பிடித்து மூழ்கியது, மீட்கப்பட்டு கேப் வெர்டேவிலிருந்து குடியேறிகளை ஏற்றி வந்தது. 2015-ல் மெய்ன் மாகாணத்தில் ஒரு கப்பல் பட்டறைக்குள் போன அது, பெரும்பகுதி புதிதாகக் கட்டப்பட்டு வெளியே வர 2022 ஆனது. இப்போது மாசசூசெட்ஸ் கடல்சார் அகாடமியின் மாணவர்களுக்கு அதிலும் பயிற்சி.