அக்கரைக் கணக்கு – 14: ஐந்து கோடித் தங்கமும் ஏழு லட்ச ரூபாயும்

சாயல்குடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று கடலாடிப் பக்கத்துக் கரையோர ஊர்களில் அந்தக் காலத்தில் ரேடியோவைத் திருகினால் துல்லியமாகக் கேட்பது இலங்கை வானொலிதான். 1984 மே மாதம் அக்கரையிலிருந்து வந்த ஒரு செய்தியில் நம் மாநிலத்தின் பெயரும் இருந்தது.

யாழ்ப்பாணக் குடிநீர்த் திட்டத்தில் வேலை பார்த்த அமெரிக்கப் பொறியாளரையும் அவர் மனைவியையும் மே 10-ஆம் தேதி ஆயுதம் ஏந்திய இளைஞர்கள் தூக்கிச் சென்றார்கள். இருவரும் ஓஹையோ மாநிலத்துக்காரர்கள், புதிதாகக் கல்யாணமானவர்கள். ‘ஆலன் தம்பதி கடத்தல்’ என்று பத்திரிகைகள் எழுதின. கடத்தியது ஈ.பி.ஆர்.எல்.எஃப். இயக்கத்தின் ராணுவப் பிரிவான மக்கள் விடுதலைப் படை. சிறையில் இருக்கும் 20 பேரை விடுவிக்க வேண்டும், 5 கோடி இலங்கை ரூபாய் பெறுமானமுள்ள தங்கம் தர வேண்டும், கெடு 72 மணி நேரம் என்று கடிதம் வந்தது. அந்தத் தங்கத்தை ஒப்படைக்க வேண்டிய இடமாக அவர்கள் குறிப்பிட்டது தமிழ்நாடு அரசை!

எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்த நேரம். இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பிறகு இயக்கப் பையன்கள் இந்தக் கரையில் வந்து இறங்கியதைச் சென்ற வாரம் பார்த்தோம். வரவேற்ற வீட்டுக்காரரையே கப்பத்துக்குப் பெட்டகமாக்கியது அந்தக் கடிதம். அமெரிக்கத் துணை அதிபர் ஜார்ஜ் புஷ் அந்த வாரம் இந்தியா வரவிருந்தார். டெல்லிக்குத் தர்மசங்கடம். தம்பதியை விட்டுவிடும்படி இந்திரா காந்தியே வேண்டுகோள் விடுத்தார். கொழும்பு எதற்கும் இணங்கவில்லை. ஐந்தே நாளில் இருவரும் உயிரோடு விடுவிக்கப்பட்டார்கள். ஒரு குண்டுமணித் தங்கம்கூடக் கைமாறவில்லை.

அத்தோடு முடிந்த கதை என்றுதான் பலரும் நினைத்தார்கள். அந்த ராணுவப் பிரிவின் தளபதியாகப் பின்னாளில் அறியப்பட்ட டக்ளஸ் தேவானந்தாவின் பெயர் சென்னைக் காவல் நிலையங்களில் ஏறத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 1986 நவம்பர் 1, தீபாவளி நாளன்று சூளைமேட்டில் ஒரு தகராறு துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்தது. உள்ளூர் இளைஞர் ஒருவர் செத்தார். டக்ளஸ் மீது கொலை வழக்கு. ஒரு வாரத்துக்குள் டி.ஜி.பி. மோகன்தாஸ் தமிழ்நாடு முழுவதும் இயக்கங்களின் ஆயுதங்களை அள்ளினார். 1988-இல் கீழ்ப்பாக்கத்தில் பத்து வயதுச் சிறுவன் ஒருவனைக் கடத்தி 7 லட்ச ரூபாய் கேட்டதாக டக்ளஸ் மீது இன்னொரு வழக்கு. கைதானார், ஜாமீனில் வந்தார், 1990-இல் இலங்கைக்குப் போய்விட்டார். 1994-இல் சென்னை நீதிமன்றம் அவரைத் தேடப்படும் குற்றவாளியாக அறிவித்தது.

2010 ஜூனில் மகிந்த ராஜபக்சேவின் குழுவில் அமைச்சராக அவர் டெல்லிக்கு வந்தபோது பழைய வழக்குகள் கிளம்பின. 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின் பொதுமன்னிப்பு தனக்கும் பொருந்தும் என்றார். அந்த ஒப்பந்தப்படி மன்னிப்பு அளிக்க வேண்டியவர் இலங்கை ஜனாதிபதி. சூளைமேட்டுக் கொலையை மன்னிக்க அவர் யார்? கீழ்ப்பாக்கம் வழக்கோ ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு வந்தது. நடக்காத குற்றத்துக்கு முன்கூட்டியே மன்னிப்பு வாங்கி வைக்க முடியுமா?

இதற்கிடையே அக்கரையில் கப்பம் ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. கொழும்பிலிருந்த அமெரிக்கத் தூதர் ராபர்ட் பிளேக் 2007 மே மாதம் வாஷிங்டனுக்கு அனுப்பிய ரகசியத் தந்தி பின்னர் விக்கிலீக்ஸில் வெளியானது. சந்திரிகா ஆட்சியில் துணை ராணுவக் குழுக்களுக்கு அரசே பணம் கொடுத்து வந்தது. ராஜபக்சே ஆட்சியில் கையில் காசில்லை, எனவே அதை நிறுத்திவிட்டு ஊரில் வசூலித்துக்கொள்ள விட்டார்கள் என்கிறது அந்தத் தந்தி. புலிகளிடமிருந்து பிரிந்த கருணா குழு, டக்ளஸின் ஈ.பி.டி.பி. கட்சி இரண்டும் அதில் வருகின்றன. சம்பளத்துக்குப் பதில் கப்பம் என்றால், வியாபாரி எங்கே போய்ப் புகார் கொடுப்பான்?

சீருடைக்காரர்கள் மீதும் அதே குற்றச்சாட்டு எழுந்தது. 2008, 2009-இல் கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் 11 பேர் கடத்தப்பட்டார்கள், பெரும்பாலானோர் தமிழர்கள். பணத்துக்காகக் கடற்படையினரே கடத்தி, திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் ‘கன்சைட்’ ரகசியச் சிறையில் வைத்திருந்தார்கள் என்று குற்றப் புலனாய்வுத் துறை நீதிமன்றத்தில் சொன்னது. ஒருவரும் திரும்பவில்லை. முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னகொட உட்பட 14 பேர் மீது 2019-இல் குற்றப்பத்திரிகை தாக்கலானது. 2021-இல் கரன்னகொட மீதான வழக்கைச் சட்டமா அதிபர் கைவிட்டார்.

ஆலன் தம்பதிக்காக வாஷிங்டன் கேட்டது, டெல்லி கேட்டது. ஐந்து நாளில் வந்தார்கள். இந்த 11 பேருக்காக முதலில் கேட்டவர்கள் பெற்றவர்கள். அதுவும் யாரிடம் கேட்டார்கள்? பிள்ளையை வைத்திருந்ததாகச் சொல்லப்படும் அதே படையின் அதிகாரிகளிடம். கடத்தப்பட்டவர் திரும்புவது கப்பத்தின் அளவைப் பொறுத்ததில்லை. அவருக்காகப் பேசுகிறவரின் பலத்தைப் பொறுத்தது.

பேச ஆளில்லாதவர்கள் என்ன செய்தார்கள்? 2006-க்குப் பிறகு ஆட்களைக் கடத்திச் சென்ற வெள்ளை வேனுக்குப் பயந்து, இருந்ததை விற்றுப் படகுக்காரரிடம் கொடுத்து இந்தக் கரைக்கு வந்தவர்கள் உண்டு. பல படகுகள் கரை தொடவே இல்லை. அரிச்சல்முனைக்கு அப்பால் மணல் திட்டுகளில் இருட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டன. விடிந்ததும் நம் மீனவர்களோ கடலோரக் காவல் படையினரோ அவர்களைக் கூட்டி வந்தார்கள். பிறகு விசாரணை, அதன் பிறகு மண்டபம் முகாம்.

அந்த முகாமின் வாசலில் என்ன கேட்டார்கள், உள்ளே என்ன கொடுத்தார்கள்? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)