லாடம் அடித்த கை கோலம் வரைந்தது

கம்பிக் கேட்டும் கிரில்லும் செய்யும் பட்டறை இல்லாத பட்டணம் இந்நாட்டில் அரிது. கம்பியை அளந்து வெட்டி, பற்றவைத்து, சாயம் பூசி அனுப்புவது ஒரு தொழில். அதே கம்பியை உலையிலே பழுக்கக் காய்ச்சிக் கொடியாகவும் இலையாகவும் வளைத்தெடுப்பது வேறொரு தொழில். முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்ல விரும்பும் இளைஞர்கள் அறியவேண்டிய ஒருவர், அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரில் வாழ்ந்த கறுப்பினக் கொல்லர் பிலிப் சிம்மன்ஸ் ஆவார்.

1912ஆம் ஆண்டு பிறந்த அன்னார், தமது 13ஆம் வயதில் பட்டறையில் சேர்ந்தார். அவருடைய குருநாதர் பீட்டர் சிம்மன்ஸ், பெயர் ஒன்றாயினும் உறவினர் அல்லர். அடிமையாகப் பிறந்து விடுதலை கண்ட முதியவர். குதிரைக்கு லாடம், வண்டிச் சக்கரத்திற்கு இரும்புப் பட்டை, படகுகளுக்கு வேண்டிய இரும்புச் சாமான் ஆகியவையே அங்கு நடந்த வேலைகள். மோட்டார் வாகனங்கள் பெருகின, குதிரைகள் குறைந்தன. கற்ற தொழில் கண்ணெதிரே தேய்ந்தது. சிம்மன்ஸ் உலையை அணைக்கவில்லை. 1938ஆம் ஆண்டு முதல் அலங்கார இரும்பு வேலையின் பக்கம் திரும்பினார்.

அவருக்கு முதலில் கேட் செய்யச் சொன்னவர் ஒரு துணிக்கடை வணிகர். உலகப் போரினால் இரும்பு கிடைக்காத காலம் அது. ஆகவே கழிவு இரும்பைக் கொண்டே அதனைச் செய்து முடித்தார். அதே வணிகர் பின்னர் முப்பதுக்கும் மேற்பட்ட வேலைகளை அவரிடம் கொடுத்தாரெனில், அந்த முதல் கேட் எத்தகையது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும் சுருள்தான் இத்தொழிலில் முதற் சோதனை. வெட்டிய கம்பியை அப்படியே வளைத்தால் நுனி மொட்டையாக நிற்கும். ஆதலின் நுனியைச் செம்மஞ்சள் நிறம் வரக் காய்ச்சி, பட்டடை மீது வைத்துத் தட்டி மெலிதாக்க வேண்டும். பிறகு பட்டடையின் விளிம்பில் சிறிது சுருட்டி, அச்சிரும்பைச் சுற்றி வளைக்க வேண்டும். வெண்ணிறமாகிப் பொறி பறக்கும்வரை உலையில் விட்டுவிட்டால் இரும்பே எரிந்து கெட்டுவிடும். எதிரெதிராக நிற்கும் இரு சுருள்களில் ஒன்று சற்றுப் பிசகினாலும் வீதியில் போகும் சிறுவன்கூடக் கண்டுபிடித்துவிடுவான்.

மின்சாரப் பற்றவைப்பைத் தொடாதவரே உண்மைக் கொல்லர் என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதம் வீண். சிம்மன்ஸே பிற்காலத்தில் ரிவிட் ஆணிகளைக் குறைத்துக்கொண்டு பற்றவைப்பைக் கையாண்டார். உருவத்தைக் கொடுப்பது உலையும் சம்மட்டியும். பற்றவைப்பு அதனை இணைப்பதோடு சரி. இணைத்த தழும்பைத் தேய்த்து மறைக்கும் பொறுமைதான் வேண்டும்.

அவருடைய படைப்புகளில் புகழ்பெற்றது கேட்ஸ்டன் இல்லத்தின் பாம்பு கேட். வாலைக் குலுக்கி ஒலியெழுப்பும் பாம்பு அதில் வளைந்து கிடக்கிறது. உடல் அமைந்துவிட்டது; கண் அமையவில்லை. செத்த பாம்புபோல் தோன்றிய அக்கண்ணை, உயிர் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்தாராம்.

1976ஆம் ஆண்டு வாஷிங்டன் நாட்டுப்புறக் கலைவிழாவில் மக்கள் முன்னிலையில் விண்மீனும் மீனும் கொண்ட கேட் ஒன்றைச் செய்தார். அது சிமித்சோனியன் நிறுவனத்தின் சேகரிப்பில் இடம்பெற்றது. 1982இல் தேசிய மரபுக்கலை விருதும் அவரை நாடி வந்தது. 2009ஆம் ஆண்டு, தமது 97ஆம் வயதில் அவர் காலமானார். அதற்குள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கேட்டுகளும் வேலிகளும் மாடக் கைப்பிடிகளும் அவர் கைபட்டு உருவாகியிருந்தன. உறவுக்காரப் பிள்ளைகள் இருவர் அவரிடமே தொழில் பயின்று, அதே பட்டறையில் அவரோடு நெடுங்காலம் சம்மட்டி பிடித்தனர்.